சாமுவேல் கொம்பர்ஸ்: விருப்பத்துக்கும் கட்டாயத்துக்கும் இடையே ஒரு தொழிற்சங்கத் தலைவர்

ஒரு தொழிலகத்தில் நூறு பேர் வேலை செய்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் அறுபது பேர் மாதந்தோறும் சந்தா செலுத்திச் சங்கம் நடத்துகின்றனர்; வேலைநிறுத்த நாட்களில் சம்பளத்தை இழக்கின்றனர்; நிர்வாகத்தின் கோபத்துக்கும் ஆளாகின்றனர். எஞ்சிய நாற்பது பேர் எதிலும் சேராமல் ஒதுங்கி நிற்கின்றனர். ஆனால் போராட்டத்தின் முடிவில் சம்பள உயர்வு கிடைக்கும்போது அது நூறு பேருக்கும் கிடைத்துவிடுகிறது. அந்த நாற்பது பேரைக் கட்டாயமாகச் சங்கத்தில் சேர்ப்பது நியாயமா? அல்லது சேராமல் இருப்பதும் ஒரு மனிதனின் உரிமைதானா? நூற்றாண்டுக்கு மேலாகத் தொழிற்சங்க உலகைப் பிளந்து நிற்கும் கேள்வி இது.

எமது நாட்டுச் சட்டம் இதற்கு ஒருவகையில் விடையளித்திருக்கிறது. சங்கம் அமைப்பதும் சங்கத்தில் சேர்வதும் பிரஜைகளின் சுதந்திரம் என்று அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை கூறுகிறது. 1999 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் திருத்தச் சட்டம், ஒருவர் சங்கத்தில் சேர வேண்டும் என்றோ சேரக்கூடாது என்றோ வேலைக்கான நிபந்தனையாகத் தொழில்தருநர் விதிப்பதைத் தடை செய்கிறது. ஆயினும் தோட்டப்புறங்களில் கூட்டு ஒப்பந்தம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், சந்தா கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே சம்பளமா என்ற முணுமுணுப்பும் கூடவே எழுந்ததை நாம் அறிவோம். சட்டம் முடித்துவைத்ததாக எண்ணும் வாதங்கள் மனித மனங்களில் அத்தனை எளிதாக முடிவதில்லை.

இந்த வாதத்தின் இரு தரப்பினரும் தமக்குரியவராக உரிமை கொண்டாடும் ஒரு மனிதர் இருக்கிறார். அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதன் தலைவராக இருந்த சாமுவேல் கொம்பர்ஸே அவர். ஆண்டுதோறும் மே தினத்தில் ஊர்வலம் செல்லும் எமது தொழிலாளரில் பலர் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எட்டு மணி நேர வேலைநாளுக்காக 1890 மே முதலாந் திகதியைக் குறித்தது அவருடைய சம்மேளனம் 1888 இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூட்டிய மாநாடுதான். மறு ஆண்டு பாரிஸில் கூடிய சர்வதேச சோசலிச மாநாடு அந்தத் திகதியையே உலகத் தொழிலாளரின் நாளாக எடுத்துக்கொண்டது.

கொம்பர்ஸ் 1850 ஜனவரி 27 ஆம் திகதி லண்டனின் கிழக்குப் பகுதியில், ஹொலந்திலிருந்து குடியேறிய வறிய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை சுருட்டுத் தொழிலாளி. ஆறு வயதில் யூத இலவசப் பாடசாலைக்குச் சென்ற சிறுவன் பத்து வயதில் அதிலிருந்து நிறுத்தப்பட்டான். முதலில் சப்பாத்துத் தொழிலில் சேர்க்கப்பட்டு, பின்னர் தந்தையின் தொழிலுக்கே வந்தான். 1863 இல் குடும்பம் நியூயோர்க்குக்குக் கப்பலேறியது. அந்தப் பயணத்துக்குக் கைகொடுத்தது லண்டன் சுருட்டுத் தொழிலாளர் சங்கத்தின் நிதி என்பது இங்கு கவனிக்கத்தக்கது. வேலையற்றோர் தொகை பெருகினால் கூலி வீழும் என்பதால், வெளிநாடு செல்ல விரும்பும் அங்கத்தவருக்கு உதவ அந்தச் சங்கம் ஒரு நிதியத்தை வைத்திருந்தது. சங்கம் என்பது வெறும் கோஷமல்ல, ஆபத்தில் கைகொடுக்கும் பணப்பெட்டியுமாகும் என்ற பாடத்தை அந்தச் சிறுவன் பதின்மூன்று வயதிலேயே கற்றுக்கொண்டான் எனலாம்.

நியூயோர்க்கின் நெரிசல் மிகுந்த குடியிருப்பொன்றில் தந்தையும் மகனும் வீட்டிலிருந்தே சுருட்டுச் சுற்றினர். அடுத்த ஆண்டு, பதினான்கு வயதில் கொம்பர்ஸ் சங்கத்தில் சேர்ந்தார். பதினேழு வயதில் திருமணம் செய்துகொண்டார்.

அக்காலச் சுருட்டுத் தொழிற்கூடங்களில் நிலவிய ஒரு வழக்கத்தை இங்கு சொல்லியாக வேண்டும். சுருட்டுச் சுற்றும் வேலையில் கைக்குத்தான் வேலை. காதும் மனமும் ஓய்வாகவே இருக்கும். எனவே தொழிலாளர் தம்முள் நன்றாக வாசிக்கக்கூடிய ஒருவரைத் தெரிந்தெடுத்துப் பத்திரிகைகளையும் நூல்களையும் உரத்து வாசிக்கச் செய்வர். வாசிக்கும் நேரத்தில் அவருக்கு ஏற்படும் கூலி இழப்பை ஈடுசெய்ய, ஏனையோர் தாம் சுற்றிய சுருட்டுகளில் சிலவற்றை அவர் கணக்கில் சேர்த்துவிடுவர். எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை, கண்காணிப்பும் இல்லை. பத்து வயதில் பாடசாலையை விட்ட கொம்பர்ஸுக்கு அந்த மேசைகளே பல்கலைக்கழகமாயின. கேட்பவர் எல்லோரும் பங்கு கொடுக்க வேண்டும், ஆனால் அந்தப் பங்கு மனமுவந்து வரவேண்டும் என்ற இரட்டை எண்ணம் அவர் உள்ளத்தில் அங்கேதான் விழுந்திருக்க வேண்டும் என்பது எமது ஊகம்.

1873 இல் அவர் வேலைக்குச் சேர்ந்த கூடமொன்றில் கார்ல் லோரல் என்ற ஐரோப்பியப் புரட்சியாளர் ஒருவர் இருந்தார். மார்க்சின் எழுத்துகளை வாசிப்பதற்காகவே கொம்பர்ஸ் ஜெர்மன் மொழியைக் கற்றார். ஆனால் லோரல் அவருக்குக் கொடுத்த ஆலோசனை வேறாக இருந்தது. சோசலிசக் கூட்டங்களுக்குப் போ, கேள், ஆனால் கட்சியில் சேராதே. எந்தப் புதிய கருத்தையும் உன் சங்க அட்டையோடு ஒப்பிட்டுப் பார், பொருந்தாவிட்டால் விட்டுவிடு என்பதே அதன் சாரம். கொம்பர்ஸ் கடைசிவரை அந்த ஆலோசனையைக் கைவிடவில்லை. அதனால் பெற்றவையும் உண்டு, இழந்தவையும் உண்டு.

1877 இல் நியூயோர்க் சுருட்டுத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் 107 நாட்கள் நீடித்துத் தோல்வியில் முடிந்தது. அதன் பின்னர் கொம்பர்ஸுக்கு எந்தத் தொழிற்கூடமும் வேலை கொடுக்கவில்லை. வீட்டிலிருந்த பொருள்கள் அடகுக்குப் போயின; குழந்தை நோயுற்றிருந்தது; மனைவி மீண்டும் கருவுற்றிருந்தார். அந்நிலையில், கொம்பர்ஸ் சங்கத்தைக் கைவிட்டால் வாராவாரம் பணம் தருவதாக ஒருவர் அவருடைய மனைவி சோபியாவிடம் வந்து கூறினார். மாலையில் வீடு திரும்பிய கணவர், என்ன பதில் சொன்னாய் என்று கேட்டார். இந்த நிலையில் வேறென்ன சொல்வேன், பெற்றுக்கொண்டேன் என்றார் சோபியா. அதிர்ந்து போய் நின்ற கணவரைப் பார்த்து, அப்படியொரு கேள்வியை என்னிடம் எப்படிக் கேட்கத் துணிந்தீர் என்று அடுத்த கணமே அவர் பொரிந்து தள்ளியதாகக் கொம்பர்ஸ் தமது சுயசரிதையில் நினைவுகூருகிறார். சங்கத்தில் சேரும்படி தொழிலாளரைக் கட்டாயப்படுத்துவது பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். சங்கத்திலிருந்து விலகும்படி அவர்கள்மீது செலுத்தப்பட்ட கட்டாயம் எத்தகையது என்பதையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இந்த வாதம் விளங்காது.

தோல்விக்குப் பிறகு கொம்பர்ஸும் அவருடைய நண்பர் அடோல்ப் ஸ்ட்ராசரும் சங்கத்தைப் புதிதாகக் கட்டினர். அவர்கள் செய்த முதற் காரியம் சந்தாவை உயர்த்தியது. சந்தா குறைவாக இருந்தால் அங்கத்தவர் பெருகுவர் என்ற பொது நம்பிக்கைக்கு நேர்மாறான வழி இது. உயர்ந்த சந்தாவைக் கொண்டு நோயுற்றோருக்கான உதவி, வேலை தேடி ஊர் விட்டு ஊர் செல்வோருக்குக் கடன், மரணச் செலவு, பின்னர் வேலையில்லாக் காலத்துக்கான கொடுப்பனவு ஆகியவற்றை ஏற்படுத்தினர். பணமுள்ள கிளையின் நிதி பணமில்லாத கிளைக்குப் பாயவும் வழிசெய்தனர். இதனால் வேலைநிறுத்த காலத்தில் மட்டும் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து மறுமாதமே காணாமற்போகும் வழக்கம் நின்றது. விலகுபவர் தமது சேமிப்பையே இழப்பார் என்பதால் தொழிலாளர் தாமாகவே தங்கினர். 1893 இல் தொடங்கிய கடும் பொருளாதார மந்தத்தில் முன்னைய காலங்களைப் போலச் சங்கங்கள் அழிந்துபோகாமல் தப்பிப் பிழைத்ததற்கு இந்த முறையே காரணம் என்று கொம்பர்ஸ் நம்பினார். எமது சங்கத் தலைவர்கள் பலர் படிக்க வேண்டிய பகுதி இது என்றே நாம் கருதுகிறோம்.

அரசாங்கத்தின் மீது அவருக்கு நம்பிக்கையற்றுப் போனதற்கும் ஓர் அனுபவம் உண்டு. நெரிசலான குடியிருப்புகளில் சுருட்டு உற்பத்தி செய்வதைத் தடை செய்யும் சட்டத்துக்காக அவர் பல ஆண்டுகள் நியூயோர்க் சட்டசபையின் படியேறி இறங்கினார். 1883 இலும் 1884 இலும் சட்டங்கள் நிறைவேறின. இரண்டும் நீதிமன்றத்தில் வீழ்ந்தன. தொழிலாளி தன் வீட்டிலிருந்து உழைக்கும் சுதந்திரத்தில் சட்டம் தலையிடுகிறது என்பது 1885 இல் அந்த மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிய காரணம். புகையிலைத் தூசு படிந்த ஒற்றை அறையில் குழந்தைகளோடு உறங்கி எழுந்து உழைத்த மக்களின் பெயரால் சுதந்திரம் பேசப்பட்டது. சுதந்திரம் என்ற சொல்லை யார் எதற்காக எடுக்கிறார்கள் என்று பார்க்கும் எச்சரிக்கை அவருக்கு அன்றே வந்துவிட்டது.

1886 டிசம்பரில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனம் உருவாயிற்று. கொம்பர்ஸ் அதன் தலைவரானார். ஆண்டுச் சம்பளம் ஆயிரம் டொலர். சிறிய அறையொன்றே அலுவலகம். காலிப் பெட்டிகளே தளபாடம். அலுவலகப் பையன் அவருடைய மகன். 1894 இல் தேர்தலில் தோற்று ஓராண்டு மட்டும் பதவியில்லாதிருந்தார். அதைத் தவிர இறக்கும்வரை அவரே தலைவர். 1920 இல் சம்மேளனத்தின் அங்கத்தவர் தொகை சுமார் 40 இலட்சம்.

இந்த வளர்ச்சியோடுதான் கட்டாய அங்கத்துவம் பற்றிய விவாதமும் உக்கிரமடைந்தது. சங்கத்தவரை மட்டுமே வேலைக்கு அமர்த்தவேண்டும் என்று தொழில்தருநரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் எதிரிகளின் வாயில் 'மூடிய தொழிலகம்' எனப்பட்டது. கொம்பர்ஸ் அதைச் 'சங்கத் தொழிலகம்' என்றே அழைத்தார். 1903 முதல் உற்பத்தியாளர் தேசிய சங்கம் 'திறந்த தொழிலகம்' என்ற இயக்கத்தை நாடெங்கும் நடத்தியது. யாரும் வரலாம், யாரும் வேலை செய்யலாம் என்பது அதன் பகட்டான விளக்கம். நடைமுறையில் சங்கத்தவருக்கு மட்டும் அதன் கதவு அடைபட்டிருந்தது என்பது கொம்பர்ஸின் பதில். அதில் உண்மை இருந்தது. சங்கத்தில் சேரமாட்டேன் என்று கையொப்பமிட்டால் மட்டுமே வேலை என்ற நிபந்தனை அக்காலத்தில் பரவலாக இருந்தது. தொழிலாளர் அதை 'மஞ்சள் நாய் ஒப்பந்தம்' என வைதனர். அந்த ஒப்பந்தத்தைத் தடை செய்த மத்திய சட்டத்தை 1908 இலும், கன்சாஸ் மாநிலச் சட்டத்தை 1915 இலும் அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாதவை ஆக்கிற்று. சங்கத்தில் சேரக்கூடாது என்று கட்டாயப்படுத்துவது ஒப்பந்தச் சுதந்திரமாம். சேர வேண்டும் என்று தொழிலாளர் ஒருமித்துக் கேட்பது கொடுங்கோன்மையாம்!

1902 இல் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவர் சார்ள்ஸ் எலியட், வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குச் செல்பவனை அமெரிக்க வீரனுக்கு உதாரணமாகப் புகழ்ந்தார். தமிழில் கருங்காலி என்று நாம் வசைபாடும் அதே மனிதன்தான் அவன். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் நியமித்த ஆணைக்குழு 1903 இல் சம்பளத்தை உயர்த்தியதோடு, சங்கத்தில் இருப்பதற்காகவோ இல்லாதிருப்பதற்காகவோ யாரிடமும் பாகுபாடு காட்டக்கூடாது என்றும் தீர்ப்பளித்தது.

கொம்பர்ஸின் வாதத்தைச் சுருக்கமாகக் கூறுவதானால் இப்படித்தான் கூறவேண்டும். ஒரு தொழிலாளிக்குத் தன் உழைப்பை விற்க மறுக்கும் உரிமை உண்டு. ஆகவே, சங்கத்தில் சேராதவனோடு ஒரே கூரையின் கீழ் உழைக்க மறுக்கும் உரிமையும் அவனுக்கு உண்டு. ஆயிரம் பேர் அந்த உரிமையைச் சேர்ந்து பயன்படுத்தினால் அது கட்டாயமாகிவிடாது. சேர விரும்பாதவன் வேறிடம் செல்லலாம். சுமையில் பங்கெடுக்காதவன் பயனில் மட்டும் பங்கு கேட்பது அறமல்ல. அங்கத்துவத்தை அரசாங்கம் விதிக்கக் கூடாது. தொழிலாளரும் தொழில்தருநரும் தமக்குள் உடன்பட்டு ஏற்படுத்த வேண்டும்.

அவர் கண்ட வேறுபாடு சட்டத்தின் கட்டாயத்துக்கும் சகதொழிலாளரின் அழுத்தத்துக்கும் இடையிலானது. சட்டத்தின் கட்டாயம் எந்த வடிவில் வந்தாலும் அவர் எதிர்த்தார். 1919 இன் நிலக்கரி வேலைநிறுத்தத்தின் பின், கன்சாஸ் ஆளுநர் ஹென்றி அலன் அத்தியாவசியத் தொழில்களில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்து, பிணக்குகளை விசாரிக்கக் கட்டாய நீதிமன்றமொன்றை நிறுவினார். 1920 மே 28 ஆம் திகதி நியூயோர்க்கின் கார்னெகி மண்டபத்தில் எழுபது வயதுக் கொம்பர்ஸ் அவரோடு பகிரங்க விவாதம் நடத்தினார். அரசு வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் தொழிலாளி அடிமையாகிறான் என்பது அவர் நிலைப்பாடு. அந்தச் சட்டத்தின் முக்கிய பகுதி 1923 இல் உயர் நீதிமன்றத்தால் வீழ்த்தப்பட்டது.

ஆனால் அதே கொள்கையின் பெயரால் அவர் வேலையில்லாதோருக்கான அரச காப்புறுதியையும், கட்டாயச் சுகாதாரக் காப்புறுதியையும், வளர்ந்த ஆண்களுக்கு எட்டு மணி நேர வேலைநாளைச் சட்டத்தால் நிறுவுவதையும்கூட எதிர்த்தார். சங்கத்துக்குள் இருந்த திறன்மிக்க தொழிலாளிக்கு இந்தக் கொள்கை பொருந்தியது. சங்கமே இல்லாத தொழிற்சாலைகளில் உழைத்த கோடிக்கணக்கானோருக்கு அது எதையும் கொடுக்கவில்லை. இது அவருடைய சிந்தனையில் இருந்த பெரும் வெற்றிடம் என்பதே எமது கருத்து.

அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. சுமையில் பங்கெடுக்காதவனுக்கு வேலை இல்லை என்று சங்கம் கூறலாம். ஆனால் பங்கெடுக்க வருபவனைச் சங்கமே வாசலில் தடுத்தால்? 1870 களில் சான்பிரான்சிஸ்கோவின் வெள்ளைச் சுருட்டுத் தொழிலாளர், தமது பெட்டிகளில் வெள்ளையர் சுற்றிய சுருட்டு என்று முத்திரை ஒட்டினர். பிற்காலத்தில் சங்கங்கள் பெருமையோடு பயன்படுத்திய சங்க முத்திரையின் தொடக்கம் அதுவே. சீனரைத் தடுக்கும் சட்டங்களைக் கொம்பர்ஸ் முழு மூச்சோடு ஆதரித்தார். 1902 இல் சீனரை இழிவுபடுத்தும் பிரசுரமொன்றுக்கு இணையாசிரியராகவும் இருந்தார். கறுப்பினத்தவர் விடயத்தில் தொடக்கத்தில் அவர் நேர்மையாகவே நடந்தார். வெள்ளையர் மட்டும் என்று யாப்பில் எழுதிவைத்த இயந்திரத் தொழிலாளர் சங்கத்தை அவர் சம்மேளனத்தில் சேர்க்க மறுத்தார். ஆனால் 1895 இல், யாப்பிலிருந்து அந்த வரி நீக்கப்பட்டதும் சங்கம் சேர்க்கப்பட்டது. வரி போயிற்று, அங்கத்தவரைச் சேர்க்கும் சடங்கில் தடை அப்படியே இருந்தது. 1900 அளவில் கறுப்பினத்தவருக்குத் தனிக் கிளைகள் என்ற ஏற்பாட்டைச் சம்மேளனமே ஏற்றுக்கொண்டது. சிறுவயதில் இனவெறுப்பிலிருந்து தப்பி வந்த ஒரு சமூகத்தின் பிள்ளை இதைச் செய்தார் என்பதை நாம் மறைத்துவிட்டு அவரைப் புகழ முடியாது. சிறுபான்மையினராகிய எமக்கு இந்தப் பகுதியின் பொருள் சொல்லாமலே விளங்கும்.

இதன் விளைவு அவர் மறைந்த பிறகே நீதிமன்றத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கலிபோர்னியாக் கப்பல் கட்டுமிடமொன்றில், சம்மேளனத்தைச் சேர்ந்த கொதிகலன் தொழிலாளர் சங்கம் மூடிய தொழிலக ஒப்பந்தம் வைத்திருந்தது. கறுப்பினத் தொழிலாளரைச் சமவுரிமையற்ற துணைச் சங்கமொன்றில் மட்டுமே அது சேர்த்தது. சேர மறுத்தவர்கள் வேலையை இழந்தனர். ஜோசப் ஜேம்ஸ் என்ற தொழிலாளியும் அவருடைய தோழர்களும் வழக்குத் தொடுத்தனர். மூடிய தொழிலகத்தை வைத்துக்கொண்டு சங்கத்தின் கதவையும் காரணமின்றி மூடிவைக்க முடியாது. இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும் என்று கலிபோர்னிய உயர் நீதிமன்றம் 1944 இறுதியில் தீர்ப்பளித்தது. கட்டாய அங்கத்துவம் பற்றிக் கூறப்பட்டவற்றுள் இதைப்போல் தெளிவான ஒன்றை நாம் கண்டதில்லை.

முதலாம் உலகப் போர் கொம்பர்ஸை அரசின் அருகே கொண்டுவந்தது. ஜனாதிபதி வில்சனின் போர்க்கால ஆலோசனைச் சபையில் அவர் தொழிலாளர் பிரதிநிதியாக இருந்தார். 1918 இல் அமைந்த போர்க்காலத் தொழிற் சபை, சங்கம் அமைக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. அங்கத்தவரைச் சேர்க்க வற்புறுத்தலைப் பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனையையும் கூடவே விதித்தது. 1919 இல் பாரிஸ் சமாதான மாநாட்டில் சர்வதேசத் தொழில் சட்ட ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கொம்பர்ஸே. அதிலிருந்துதான் சர்வதேசத் தொழில் தாபனம் பிறந்தது. அந்தத் தாபனத்தின் 87 ஆம் இலக்கச் சமவாயம் சங்கம் அமைக்கும் சுதந்திரத்தைப் பாதுகாக்கிறது. இலங்கை அதை 1995 இல் ஏற்றுறுதி செய்தது. கட்டாய அங்கத்துவ ஒப்பந்தங்கள் பற்றிய முடிவைத் தாபனம் அந்தந்த நாடுகளின் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் விட்டுவிட்டது. கொம்பர்ஸின் வாழ்நாளில் தீராத கேள்வி, அவர் முன்னின்று உருவாக்கிய தாபனத்திலும் தீரவில்லை.

போர் முடிந்ததும் காற்று மாறியது. 1919 இன் உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றது. 1921 இல் தொழில்தருநர் திறந்த தொழிலகத்துக்கு 'அமெரிக்கத் திட்டம்' என்று புதுப்பெயர் சூட்டினர். சங்கம் என்றாலே அந்நியம் என்ற கருத்து அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்தது. 1924 இல் சம்மேளனத்தின் அங்கத்தவர் தொகை 29 இலட்சத்துக்குள் சுருங்கியது.

அந்த ஆண்டு நவம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவில் கூடியதே அவர் கண்ட கடைசி மாநாடு. பார்வை ஏறக்குறைய மங்கிவிட்டது, உடல் தளர்ந்திருந்தது. தொழிலாளர் இயக்கம் விருப்பத்தின் அடிப்படையிலேயே நிற்கவேண்டும், கட்டாயத்தால் பெறும் எதுவும் நிலைக்காது, வற்புறுத்தலால் கட்ட முயன்றால் இதுவரை கட்டியதும் இடிந்துவிடும் என்பதே அவர் அங்கு விட்டுச்சென்ற செய்தியின் கருத்து. பின்னர் மெக்சிக்கோ நகரில் ஜனாதிபதி கயேஸின் பதவியேற்புக்கும் தொழிலாளர் மாநாட்டுக்கும் சென்றவர் அங்கே நோயுற்று வீழ்ந்தார். தாய்நாடாக ஏற்றுக்கொண்ட மண்ணில் சாகவேண்டும் என்ற அவர் விருப்பப்படி ரயிலில் எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்டார். 1924 டிசம்பர் 13 ஆம் திகதி சான் அன்டோனியோவில் காலமானார். வயது 74.

எல் பாசோ உரையின் அந்தப் பகுதியைத்தான் சங்க எதிர்ப்பாளர்கள் பின்னர் பற்றிக்கொண்டனர். 1935 இன் வாக்னர் சட்டம் மூடிய தொழிலகத்தை அனுமதித்தது. 1947 இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் அதைத் தடை செய்தது. வேலைக்குச் சேர்ந்த பின் சங்கத்தில் இணையும் ஏற்பாட்டைக்கூட மாநிலங்கள் விரும்பினால் தடுக்கலாம் என இடமளித்தது. அப்படித் தடுக்கும் சட்டங்களுக்கு 'வேலைக்கான உரிமை' என்பது பெயர். யாருக்கும் வேலை தேடித் தராத அந்தச் சட்டங்களுக்கு இப்பெயர் எப்படிப் பொருந்தியது என்பது வேறு விடயம். அவற்றுக்காகப் பிரசாரம் செய்வோர் சங்கத் தந்தையே கட்டாயத்தை எதிர்த்தார் என்று கொம்பர்ஸைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கமாயிற்று. 2018 இல் ஜேனஸ் வழக்கில், சங்கத்தில் சேராத அரச ஊழியரிடம் பேரம்பேசும் செலவுக்கான கட்டணத்தைக்கூட அறவிடக்கூடாது என உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மறுபுறம், மிச்சிகன் மாநிலம் தனது 'வேலைக்கான உரிமை'ச் சட்டத்தை 2023 இல் நீக்கியது; அந்நீக்கம் 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இன்னும் 26 மாநிலங்களில் அவ்வகைச் சட்டங்கள் உள்ளன.

சாட்சிக்கு அழைப்போர் பாதியை மறைக்கின்றனர். எல் பாசோவில் அவர் எதிர்த்தது அரசின் கட்டாயத்தை; சங்கத் தொழிலக ஒப்பந்தத்தை அவர் ஒருநாளும் கைவிட்டதில்லை. மறுதரப்பில், சந்தாவைச் சம்பளத்தில் வெட்டித் தரும்படி நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஆண்டுக்கொருமுறைகூட அங்கத்தவரின் வீட்டு வாசலை மிதிக்காத தலைவர்களும் அவரைத் துணைக்கழைக்க முடியாது. 1879 இல் அவரும் ஸ்ட்ராசரும் சந்தாவை உயர்த்தியபோது அதற்கு ஈடாக நோயாளிக்கும் வேலையற்றவனுக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு கிளையும் கணக்குக் காட்டியது. உயர்ந்த சந்தாவைச் செலுத்திக்கொண்டு தொழிலாளர் தங்கியதற்கு நிர்வாகத்தின் சம்பளப் புத்தகம் காரணமாக இருக்கவில்லை.